கொல்கத்தா மருத்துவக் கல்லூரி: இந்தியாவில் மருத்துவர்கள் உருவான 190 ஆண்டு வரலாறும் தீராத கேள்விகளும்

கொல்கத்தா: இந்தியாவில் எம்பிபிஎஸ் படிப்பில் சேரும் மாணவர் நான்கரை ஆண்டுகள் பாடம் படித்து, அதன் பின்னர் ஓராண்டு மருத்துவமனையில் கட்டாயப் பயிற்சி பெற்றால் மட்டுமே மருத்துவராகப் பதிவு செய்துகொள்ள முடியும். வகுப்பறை, உடற்கூறியல் கூடம், நோயாளியின் படுக்கை ஆகிய மூன்றையும் ஒரே பயிற்சியாக இணைக்கும் இந்த முறை வேரூன்றிய இடங்களில் முதன்மையானது கொல்கத்தா மருத்துவக் கல்லூரி. 1835-ஆம் ஆண்டு ஜனவரி 28-ஆம் தேதி பிறப்பிக்கப்பட்ட அரசாணையின் மூலம் உருவான இக்கல்லூரி, காலேஜ் ஸ்ட்ரீட் பகுதியில் இன்றும் இயங்கி வருகிறது.

மருத்துவக் கல்வியை எந்த மொழியில் அளிப்பது, யாருக்கு இடம் கொடுப்பது, கிராமங்களுக்கு மருத்துவர்களை எப்படி அனுப்புவது, பயிற்சியில் இருப்பவரை மாணவராகக் கருதுவதா, பணியாளராகக் கருதுவதா என்பன இன்று நாடாளுமன்றம் முதல் நீதிமன்றம் வரை விவாதிக்கப்படும் கேள்விகள். இவை அனைத்தையும் கொல்கத்தாவின் மருத்துவ நிறுவனங்கள் ஏதோ ஒரு காலகட்டத்தில் எதிர்கொண்டுள்ளன. சிலவற்றுக்கு விடை கிடைத்தது. சில இன்னும் நிலுவையில் உள்ளன.

தாய்மொழியில் தொடங்கிய மருத்துவப் பள்ளி

கிழக்கிந்தியக் கம்பெனிக்கு 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்திய மருத்துவப் பணியாளர்கள் பெருமளவில் தேவைப்பட்டனர். ஐரோப்பிய அறுவை மருத்துவர்களின் எண்ணிக்கை குறைவாக இருந்தது. அவர்களுக்கு ஆகும் செலவோ மிக அதிகம். ராணுவப் பிரிவுகளிலும் மாவட்ட நிலையங்களிலும் உதவியாளர்களாகப் பணியாற்ற இந்தியர்களைப் பயிற்றுவிக்கும் நோக்கில், 1822-ஆம் ஆண்டு கல்கத்தாவில் 'நேட்டிவ் மெடிக்கல் இன்ஸ்டிடியூஷன்' என்ற பள்ளி தொடங்கப்பட்டது.

இப்பள்ளியில் பாடங்கள் ஆங்கிலத்தில் நடத்தப்படவில்லை. ஐரோப்பிய மருத்துவ நூல்கள் மொழிபெயர்க்கப்பட்டு, மாணவர்களுக்கு இந்துஸ்தானி மொழியில் கற்பிக்கப்பட்டன. இதே காலகட்டத்தில் கல்கத்தா சமஸ்கிருதக் கல்லூரியில் ஆயுர்வேத வகுப்பும், கல்கத்தா மதரசாவில் யுனானி வகுப்பும் நடைபெற்றன. அங்கும் ஐரோப்பிய உடற்கூறியலின் சில பகுதிகள் பாடமாக வைக்கப்பட்டிருந்தன. இரு மருத்துவ மரபுகளும் அருகருகே கற்பிக்கப்பட்ட குறுகிய காலம் அது.

ஆனால், இந்த மாணவர்களுக்கு மனித உடலை அறுத்துப் பார்த்துப் படிக்கும் வாய்ப்பு இல்லை. விலங்குகளின் உடல்களையும் மாதிரிகளையும் கொண்டே அவர்கள் கற்றனர். இந்தக் குறைபாட்டை முன்வைத்து, மருத்துவக் கல்வியின் நிலையை ஆராய கவர்னர் ஜெனரல் வில்லியம் பெண்டிங்க் 1833-ஆம் ஆண்டு ஒரு குழுவை அமைத்தார். மருத்துவர் ஜான் கிராண்ட் தலைமையிலான அக்குழுவில் சார்லஸ் டிரெவெல்யன், எம்.ஜே. பிராம்லி உள்ளிட்டோருடன், இந்திய உறுப்பினராக ராம் கமல் சென் இடம்பெற்றிருந்தார்.

நேட்டிவ் மெடிக்கல் இன்ஸ்டிடியூஷனின் தலைவராக இருந்த ஜான் டைட்லர், இந்திய மொழிகளிலேயே கற்பித்தல் தொடர வேண்டும் என்று வாதிட்டார். குழு அதை ஏற்கவில்லை. 1834 அக்டோபரில் அளிக்கப்பட்ட அறிக்கை, பழைய பள்ளியை மூடிவிட்டு, ஆங்கில வழியில் ஐரோப்பிய முறை மருத்துவத்தை மட்டும் கற்பிக்கும் புதிய கல்லூரியைத் தொடங்கப் பரிந்துரைத்தது.

ஐந்து நாள் இடைவெளியில் கல்கத்தாவும் சென்னையும்

அந்தப் பரிந்துரையின்படி 1835 ஜனவரி 28-இல் வெளியான ஆணை, நேட்டிவ் மெடிக்கல் இன்ஸ்டிடியூஷனையும், சமஸ்கிருதக் கல்லூரி மற்றும் மதரசாவில் நடந்துவந்த மருத்துவ வகுப்புகளையும் ஒருசேர முடிவுக்குக் கொண்டுவந்தது. புதிய கல்லூரியில் 14 முதல் 20 வயதுக்கு உட்பட்ட இந்திய இளைஞர்கள் சாதி, சமய வேறுபாடின்றிச் சேரலாம் என அறிவிக்கப்பட்டது. ஆங்கிலத்துடன் வங்காளி அல்லது இந்துஸ்தானி மொழியில் எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. 50 மாணவர்களுக்கு மாத உதவித்தொகை வழங்கவும் ஏற்பாடு செய்யப்பட்டது. பிராம்லி கல்லூரியின் முதல் தலைவரானார்.

இந்தியக் கல்வியில் ஆங்கிலத்துக்கு முதலிடம் கோரிய மெக்காலேயின் புகழ்பெற்ற குறிப்பு எழுதப்பட்டது 1835 பிப்ரவரி 2-ஆம் தேதி. அதாவது, பொதுக் கல்வியில் ஆங்கிலத்தை முன்னிறுத்தும் வாதம் ஏட்டில் ஏறுவதற்கு ஐந்து நாட்கள் முன்பே மருத்துவக் கல்வியில் அந்த முடிவு எடுக்கப்பட்டுவிட்டது.

அதே பிப்ரவரி 2-ஆம் தேதிதான் சென்னையில் அரசுப் பொது மருத்துவமனையுடன் இணைந்த மருத்துவப் பள்ளியும் தொடங்கப்பட்டது. இதுவே 1850-ஆம் ஆண்டு மெட்ராஸ் மருத்துவக் கல்லூரி என்ற பெயரைப் பெற்றது. இவ்விரண்டுக்கும் முன்னதாக, 1823-ஆம் ஆண்டிலேயே புதுச்சேரியில் பிரெஞ்சு அரசு ஒரு மருத்துவப் பள்ளியைத் தொடங்கியிருந்தது. இன்றைய ஜிப்மர் மருத்துவமனை தன் வரலாற்றை அந்தப் பள்ளியில் இருந்தே கணக்கிடுகிறது.

உடற்கூறியல் கூடத்தில் விழுந்த முதல் வெட்டு

புதிய கல்லூரியின் எதிர்காலம் ஒரே கேள்வியைச் சார்ந்திருந்தது. இறந்தவரின் உடலைத் தொடுவது தீட்டு என்று கருதிய சமூகத்தில், உயர்சாதி இந்து மாணவர்கள் உடலை அறுத்துப் படிக்க முன்வருவார்களா என்பதே அது.

1836-ஆம் ஆண்டு இதற்கு விடை கிடைத்தது. வைத்தியர் குடும்பத்தில் பிறந்து, சமஸ்கிருதக் கல்லூரியில் ஆயுர்வேதம் கற்பித்து, பின்னர் புதிய கல்லூரிக்கு வந்த பண்டிதர் மதுசூதன் குப்தா முதல் உடல் கூறாய்வை நிகழ்த்தினார். உமாசரண் சேட், துவாரகாநாத் குப்தா, ராஜகிருஷ்ண தே, நபின் சந்திர மித்ரா ஆகிய மாணவர்கள் அவரைப் பின்பற்றினர்.

ஒருமுறை கடக்கப்பட்ட தடை மீண்டும் எழவில்லை. 1837-இல் சுமார் 60 உடல்கள் கூறாய்வு செய்யப்பட்டன. அடுத்த ஆண்டில் அந்த எண்ணிக்கை இரு மடங்கானது. 1844-இல் அது 500-ஐக் கடந்தது. சமஸ்கிருத மருத்துவ நூல்களில் புலமை பெற்ற ஒருவரே இந்த மாற்றத்தைத் தொடங்கிவைத்தது கவனிக்கத்தக்கது. உடலை ஆராய்ந்தறியும் முறை சுசுருத சம்ஹிதையிலேயே விவரிக்கப்பட்டுள்ளதால், மரபை அறிந்த பண்டிதர் ஒருவர் முன்வந்தது எதிர்ப்பின் கூர்மையைக் குறைத்தது.

அந்த மாணவர்கள் 1838 இறுதியில் நடைபெற்ற முதல் தேர்வில் தேர்ச்சி பெற்றனர். ஏழு ஆண்டுகள் கழித்து, 1845-இல் நான்கு மாணவர்கள் பேராசிரியர் குட்ஈவ் உடன் இங்கிலாந்துக்குக் கப்பலேறினர். அவர்களில் இருவரின் செலவைத் துவாரகாநாத் தாகூர் ஏற்றார். அந்த நால்வரில் ஒருவரான சூரிய குமார் சக்ரவர்த்தி, 1855-ஆம் ஆண்டு போட்டித் தேர்வின் மூலம் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்த முதல் இந்தியரானார்.

படுக்கையருகே கற்றல்

தொடக்கத்தில் கல்லூரிக்கெனச் சொந்த மருத்துவமனை கிடையாது. மாணவர்கள் நகரின் பிற மருத்துவமனைகளுக்குச் சென்று நோயாளிகளைப் பார்க்க வேண்டியிருந்தது. 1838-இல் வளாகத்திலேயே சிறிய மருத்துவமனை ஒன்று திறக்கப்பட்டது. சில ஆண்டுகளில் பெண்களுக்கான பிரசவ மருத்துவமனையும் சேர்ந்தது.

பெரிய மருத்துவமனைக்கான நிலத்தை வணிகர் மோதிலால் சீல் கொடையாக அளித்தார். 1848 செப்டம்பர் 30-இல் கவர்னர் ஜெனரல் டல்ஹவுசி அடிக்கல் நாட்டினார். 1852 டிசம்பர் 1-ஆம் தேதி அது நோயாளிகளுக்காகத் திறக்கப்பட்டது. பின்னர் ஈடன் மகப்பேறு மருத்துவமனை, எஸ்ரா மருத்துவமனை, சியாமா சரண் லா கண் மருத்துவமனை எனத் தனித்தனிப் பிரிவுகள் உருவாயின. இவற்றில் பல, நகரின் வணிகக் குடும்பங்கள் அளித்த நன்கொடையில் எழுந்தவை.

இந்த விரிவாக்கம் கட்டடங்களோடு நிற்கவில்லை. நோயாளிகளைக் கவனிக்கும் கைகளாக மாணவர்களும் இளம் மருத்துவர்களும் மாறினர். மருத்துவமனை இல்லாமல் பயிற்சி இல்லை. பயிற்சி பெறுவோர் இல்லாமல் மருத்துவமனையும் இயங்காது என்ற நிலை அப்போதே உருவாகிவிட்டது. இன்றைய அரசு மருத்துவக் கல்லூரிகள் அனைத்தும் இந்த அடித்தளத்தின் மீதே நிற்கின்றன.

கதவு வழியே வெளியேறிய தாய்மொழி, சாளரம் வழியே திரும்பியது

ஆங்கில வழிக் கல்வி தரமான மருத்துவர்களை உருவாக்கியது உண்மை. ஆனால், அவர்களின் எண்ணிக்கை தேவைக்கு அருகில்கூட வரவில்லை. ராணுவத்துக்கும் மாவட்டங்களுக்கும் பணியாளர்கள் தேவைப்பட்டதால், பழைய பள்ளி மூடப்பட்ட நான்கே ஆண்டுகளில், 1839-இல், கல்லூரிக்குள்ளேயே இந்துஸ்தானி மொழியில் ராணுவ வகுப்பு தொடங்கப்பட்டது. 1852-இல் வங்காளி வகுப்பும் வந்தது.

மாணவர்கள் பெருகியதால், வங்காளி வகுப்பு 1873-இல் சியால்தாவுக்கு மாற்றப்பட்டு கேம்ப்பெல் மருத்துவப் பள்ளியானது. இன்றைய நீல் ரத்தன் சர்க்கார் மருத்துவக் கல்லூரி அதன் வழித்தோன்றல். இந்துஸ்தானி வகுப்பு பாட்னாவுக்குச் சென்றது.

இவ்வாறு இரண்டு வகை மருத்துவர்கள் உருவாயினர். ஒருவர் ஆங்கிலத்தில் பயின்று பட்டம் பெற்றவர். மற்றவர் தாய்மொழியில் குறுகிய காலப் படிப்பை முடித்து உரிமச் சான்றிதழ் பெற்ற 'லைசென்சியேட்'. ஊதியமும் மதிப்பும் முன்னவருக்கு அதிகம். கிராமங்களுக்கும் சிறு நகரங்களுக்கும் பெரும்பாலும் சென்றடைந்தவர் பின்னவர்.

தமிழிலும் இதற்கு இணையான முயற்சி நடந்துள்ளது. 1847-இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன், மானிப்பாயில் மாணவர்களுக்கு மருத்துவம் கற்பித்தார். 1860-களில் பயிற்று மொழியைத் தமிழுக்கு மாற்றினார். 'இரண வைத்தியம்', 'மனுஷ அங்காதிபாதம்' போன்ற நூல்கள் அந்தத் தேவைக்காகவே அச்சேறின. கல்கத்தா அரசாங்கம் வேறு வழியின்றி ஏற்ற தாய்மொழிப் பயிற்சியை, மானிப்பாயில் கிரீன் கொள்கையாகவே நடத்தினார்.

2022 அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தில் எம்பிபிஎஸ் பாடநூல்கள் இந்தியில் வெளியிடப்பட்டபோது எழுந்த விவாதத்தின் இரு தரப்பு வாதங்களும், 1834-இல் டைட்லரும் கிராண்ட் குழுவும் முன்வைத்த வாதங்களை நினைவூட்டுபவை.

பெண்களுக்குத் திறந்த கதவு

மெட்ராஸ் மருத்துவக் கல்லூரி 1875-ஆம் ஆண்டிலேயே பெண்களைச் சேர்த்துக்கொண்டது. கல்கத்தா அதற்குத் தயாராக இல்லை. இதனால் வங்கத்தைச் சேர்ந்த அபலா தாஸ் 1882-இல் சென்னைக்கு வந்து மருத்துவம் பயின்றார். உடல்நலக் குறைவால் அவரால் படிப்பை நிறைவு செய்ய இயலவில்லை. பின்னாளில் விஞ்ஞானி ஜகதீஷ் சந்திர போஸை மணந்து, பெண்கல்விப் பணியால் அபலா போஸ் என்று அறியப்பட்டவர் இவரே.

1883-இல் கல்லூரி நிர்வாகத்தின் எதிர்ப்பை மீறி, வங்காளத்தின் லெப்டினன்ட் கவர்னர் ரிவர்ஸ் தாம்ப்சன் பெண்களைச் சேர்க்க உத்தரவிட்டார். பட்டதாரியான காதம்பினி கங்கூலி சேர்ந்தார். ஒரு பாடத்தில் தேர்ச்சி மறுக்கப்பட்டதால் அவருக்குப் பல்கலைக்கழகத்தின் எம்.பி. பட்டம் கிடைக்கவில்லை. மாறாக, 1886-இல் கல்லூரியே வழங்கிய ஜிபிஎம்சி தகுதியுடன் அவர் மருத்துவத் தொழிலில் இறங்கினார். 1893-இல் ஸ்காட்லாந்து சென்று மேலும் தகுதிகளைப் பெற்றுத் திரும்பினார்.

வசதியும் ஆங்கிலக் கல்வியும் இல்லாத பெண்களுக்குக் கேம்ப்பெல் பள்ளியின் வங்காளி வகுப்பே வழியாக அமைந்தது. பத்து வயதுக்கு முன்பே மணம் முடிக்கப்பட்டு, இளம் வயதில் கணவரை இழந்த ஹைமபதி சென் அங்கு பயின்று தேர்வில் முதலிடம் பெற்றார். அவருக்குத் தங்கப் பதக்கம் வழங்குவதை ஆண் மாணவர்கள் எதிர்த்துப் போராடியதால், அது வேறொருவருக்குச் சென்றது; அவருக்கு வெள்ளிப் பதக்கமே கிடைத்தது. பின்னர் சின்சுராவில் பெண்கள் மருத்துவமனையில் நீண்ட காலம் பணியாற்றிய அவர், தன் வாழ்க்கைக் குறிப்புகளை வங்காளியில் எழுதி வைத்துச் சென்றார்.

அரசுக்கு வெளியே எழுந்த கல்லூரிகள்

அரசுக் கல்லூரியில் இடங்கள் குறைவு. இந்த இடைவெளியை நிரப்ப மருத்துவர்களே முன்வந்தனர். அரசுக் கல்லூரியிலும் எடின்பரோவிலும் பயின்ற ராதா கோவிந்த கர், 1886-இல் 'கல்கத்தா ஸ்கூல் ஆஃப் மெடிசின்' என்ற பள்ளியை வாடகை வீட்டில் தொடங்கியவர்களில் முதன்மையானவர். பயிற்று மொழி வங்காளி. அதற்கான பாடநூல்களையும் அவரே எழுதினார்.

1904-இல் மற்றொரு தனியார் கல்லூரியுடன் இணைந்த அந்நிறுவனம், 1916-இல் பெல்காச்சியா மருத்துவக் கல்லூரியாகத் தரம் உயர்ந்தது. பின்னர் கவர்னர் கார்மைக்கேலின் பெயரைத் தாங்கியது. விடுதலைக்குப் பின், 1948-இல், நிறுவியவரின் நினைவாக ஆர்.ஜி. கர் மருத்துவக் கல்லூரி எனப் பெயர் மாற்றப்பட்டது. 1958-இல் மாநில அரசு அதை ஏற்றுக்கொண்டது.

ஒத்துழையாமை இயக்கத்தின்போது அரசுக் கல்வி நிறுவனங்களைப் புறக்கணித்த மாணவர்களுக்காக, 1921-இல் தேசிய மருத்துவப் பயிற்சி நிறுவனம் ஒன்று உருவானது. இன்றைய கல்கத்தா தேசிய மருத்துவக் கல்லூரியின் வேர் அதுவே.

காலராவும் கல்கத்தாவும்

பட்டம் பெற்ற மருத்துவர்களுக்கு மேற்பயிற்சி அளிக்கும் எண்ணமும் இந்நகரில் விரைவில் செயலுக்கு வந்தது. லெனார்ட் ரோஜர்ஸின் முயற்சியில் உருவான வெப்பமண்டல மருத்துவப் பள்ளி, 1920-களின் தொடக்கத்தில் முதுநிலைக் கற்பித்தலைத் தொடங்கியது. 1932-இல் அகில இந்திய சுகாதாரம் மற்றும் பொதுச் சுகாதார நிறுவனம் திறக்கப்பட்டது. 1957-இல், இன்று எஸ்எஸ்கேஎம் என அழைக்கப்படும் மருத்துவமனையில் முதுநிலை மருத்துவக் கல்வி நிறுவனத்தைப் பிரதமர் ஜவஹர்லால் நேரு தொடங்கிவைத்தார்.

கற்பித்தலும் ஆய்வும் சிகிச்சையும் ஓரிடத்தில் சேர்ந்தால் என்ன விளையும் என்பதற்குக் காலரா சிறந்த எடுத்துக்காட்டு. 1835-இல் இக்கல்லூரியின் வேதியியல் பேராசிரியரான ஓ'ஷாக்னஸி, அதற்கு முன்பு பிரிட்டனில் காலரா நோயாளிகளின் ரத்தத்தை ஆராய்ந்து, அதில் இருந்து நீரும் உப்பும் இழக்கப்படுவதைக் காட்டியவர். இதே கல்லூரியில் பயின்று, பின்னர் நோயியல் பேராசிரியரான சம்பு நாத் தே, காலராக் கிருமி வெளியிடும் நச்சே நீரிழப்புக்குக் காரணம் என்பதை 1959-இல் நிறுவினார்.

இக்கல்லூரியின் மற்றொரு முன்னாள் மாணவர் திலீப் மஹலனாபிஸ். 1971-ஆம் ஆண்டு வங்கதேசப் போரின்போது, எல்லையில் உள்ள பன்காவ் அகதிகள் முகாமில் காலரா பரவியது. நரம்பு வழியே செலுத்தும் திரவம் தீர்ந்துபோன நிலையில், உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை வாய்வழியே கொடுக்க அவர் ஏற்பாடு செய்தார். நோயாளிகளின் உறவினர்களே அதைப் புகட்டினர். முகாமில் சுமார் 30 சதவீதமாக இருந்த இறப்பு விகிதம் 4 சதவீதத்துக்கும் கீழாகக் குறைந்தது. இன்று ஒவ்வொரு மருந்துக் கடையிலும் கிடைக்கும் ஓஆர்எஸ் கரைசலின் ஆற்றலை உலகுக்கு மெய்ப்பித்த நிகழ்வுகளில் இது முக்கியமானது. 2023-இல் அவருக்கு மறைவுக்குப் பிந்தைய பத்ம விபூஷண் விருது அறிவிக்கப்பட்டது.

ஒரே தரம், ஒரே பட்டம்

இரண்டு வகை மருத்துவர்கள் என்ற நிலை நாட்டின் விடுதலைக் காலம் வரை நீடித்தது. 1946-இல் அறிக்கை அளித்த போர் குழு, பிரிட்டிஷ் இந்தியாவில் பதிவு செய்த சுமார் 47,500 மருத்துவர்களில் ஏறத்தாழ 30,000 பேர் லைசென்சியேட்டுகள் என்று கணக்கிட்டது. சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக நீண்ட காலம் பணியாற்றிய ஏ. லட்சுமணசாமி முதலியாரும் அக்குழுவில் இருந்தார்.

ஏழைக்கு ஒரு தரம், வசதி உள்ளவருக்கு ஒரு தரம் என்பது கூடாது என்ற அடிப்படையில், குறுகிய காலப் படிப்பைக் கைவிட்டு, அனைவருக்கும் ஒரே 'அடிப்படை மருத்துவர்' தகுதியை வரையறுக்கக் குழு பரிந்துரைத்தது. லைசென்சியேட் பள்ளிகளைத் தொடர வேண்டும் என்று குழுவிலேயே சிலர் மாற்றுக் கருத்து தெரிவித்தனர். பெரும்பான்மைக் கருத்தே வென்றது. கேம்ப்பெல் போன்ற பள்ளிகள் கல்லூரிகளாயின. எம்பிபிஎஸ் நாடு முழுவதற்கும் பொதுவான தகுதியானது.

தரம் ஒன்றானது. ஆனால், கிராமத்துக்குச் செல்லும் மருத்துவர் யார் என்ற கேள்விக்கு விடை கிடைக்கவில்லை. தேசிய மருத்துவ ஆணையத்தின் முதுநிலைக் கல்வி விதிகளில், எம்டி, எம்எஸ் மாணவர்கள் மூன்று மாதங்கள் மாவட்ட மருத்துவமனையில் பணியாற்ற வேண்டும் என்ற மாவட்ட உறைவிடப் பயிற்சி இடம்பெற்றிருப்பது, அந்தக் கேள்விக்கான அண்மைய பதில்களில் ஒன்று.

மாணவரா, பணியாளரா?

முதுநிலைப் பயிற்சி மருத்துவர் சட்டப்படி மாணவர். நடைமுறையில் அவசர சிகிச்சைப் பிரிவிலும், இரவு நேர வார்டிலும் நோயாளி முதலில் காணும் மருத்துவர் அவரே. அவர் பெறும் தொகை ஊதியம் அல்ல, உதவித்தொகை. அவர் கற்கும் நேரமும் உழைக்கும் நேரமும் பிரிக்க முடியாதவை. இதனால், பணி நேரத்துக்கு வரம்பு வைக்கும் விதிகள் ஏட்டளவில் நின்றுவிடுகின்றன. நாளொன்றுக்கு 12 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்ற வரையறையை மத்திய அரசு 1992-இலேயே வகுத்தது. 2023-ஆம் ஆண்டு முதுநிலைக் கல்வி விதிகளோ 'நியாயமான பணி நேரம்' என்று மட்டும் கூறி, மணிக்கணக்கைக் குறிப்பிடவில்லை.

கொல்கத்தாவின் இளநிலை மருத்துவர்கள் இந்த நிலைக்கு எதிராகக் குரல் எழுப்புவது புதிதல்ல. 1983-இல் அவர்கள் நடத்திய போராட்டத்தில், பணி நிலைமைகளுடன் நோயாளிகளுக்கான உயிர் காக்கும் மருந்துகளும், இரவு பகலாக இயங்கும் பரிசோதனை வசதிகளும் கோரிக்கைகளாக இருந்தன.

2024 ஆகஸ்ட் 9-ஆம் தேதி, ஆர்.ஜி. கர் மருத்துவக் கல்லூரியில் இரவுப் பணியில் இருந்த 31 வயது முதுநிலைப் பயிற்சி மருத்துவர் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளாக்கப்பட்டுக் கொல்லப்பட்டார். பணிக்கு இடையே ஓய்வெடுக்கத் தனி அறை இல்லாததால் அவர் கருத்தரங்கக் கூடத்தைப் பயன்படுத்தியது, நாடு முழுவதும் மருத்துவமனைகளின் நிலையை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. மேற்கு வங்க இளநிலை மருத்துவர்கள் 42 நாட்கள் பணியைப் புறக்கணித்துப் போராடினர். அக்டோபரில் உண்ணாவிரதமும் மேற்கொண்டனர். இவ்வழக்கில் குற்றவாளி என அறிவிக்கப்பட்டவருக்கு 2025 ஜனவரி 20-இல் சியால்தா நீதிமன்றம் வாழ்நாள் சிறைத் தண்டனை விதித்தது.

தாமாக முன்வந்து வழக்கை விசாரித்த உச்ச நீதிமன்றம், மருத்துவர்களின் பாதுகாப்பு மற்றும் பணிச்சூழல் குறித்துப் பரிந்துரைக்க தேசிய பணிக் குழுவை அமைத்தது. தொடர்ந்து 36 மணி நேரம் வரை நீளும் பணி குறித்து விசாரணையின்போது கவலையும் தெரிவித்தது. மருத்துவர்களின் பாதுகாப்புக்குத் தனியாக ஒரு மத்தியச் சட்டம் தேவையில்லை என்று பணிக் குழு கருத்து தெரிவித்தது. மருத்துவர் சங்கங்களோ அத்தகைய சட்டத்தைத் தொடர்ந்து கோரி வருகின்றன.

விடைகளும் நிலுவைகளும்

இன்று கொல்கத்தா மருத்துவக் கல்லூரியில் ஆண்டுதோறும் 250 மாணவர்கள் எம்பிபிஎஸ் படிப்பில் சேர்கின்றனர். கல்கத்தா பல்கலைக்கழகத்துடன் 1857 முதல் இருந்த இணைப்பு முடிந்து, 2003 முதல் மேற்கு வங்க சுகாதார அறிவியல் பல்கலைக்கழகத்தின் கீழ் கல்லூரி இயங்குகிறது. சேர்க்கை நீட் தேர்வின் மூலம் நடைபெறுகிறது. மேற்கு வங்கத்தின் முதலமைச்சராக இருந்த பிதான் சந்திர ராய் இக்கல்லூரியின் மாணவர். அவரது பிறந்த நாளும் நினைவு நாளுமான ஜூலை 1, தேசிய மருத்துவர் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

1835-இல் இக்கல்லூரியின் முன் நின்ற தடைகளில் பல இன்று இல்லை. உடலை அறுத்துப் படிக்கத் தயங்கும் மாணவர் இல்லை. பெண்கள் விண்ணப்பிக்க அரசின் சிறப்பு உத்தரவு தேவையில்லை. இவை தாமாக நிகழவில்லை. மதுசூதன் குப்தாவின் துணிவும், காதம்பினியின் விடாமுயற்சியும், அவற்றுக்கு இடமளித்த ஆணைகளும் சேர்ந்தே இந்த மாற்றங்களை உறுதிப்படுத்தின.

பயிற்சி மருத்துவரின் பணி நேரமும் பாதுகாப்பும் அத்தகைய தெளிவான ஆணைக்காக இன்னும் காத்திருக்கின்றன. இரவு இரண்டு மணிக்கு அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு வரும் நோயாளியைப் பரிசோதிப்பவர், பெரும்பாலும் பல மணி நேரமாக உறங்காத இளம் பயிற்சி மருத்துவரே. அவருக்குக் கிடைக்கும் ஓய்வு, அந்த நோயாளியின் உயிரோடும் தொடர்புடையது. மருத்துவமனையையும் வகுப்பறையையும் ஒன்றாக்கிய அமைப்பு 190 ஆண்டுகளைக் கடந்துள்ள நிலையில், அதில் பயில்பவர்களின் பொறுப்பை வரையறுத்த அளவுக்கு அவர்களின் உரிமையும் வரையறுக்கப்பட வேண்டும் என்பதே இளம் மருத்துவர்கள் முன்வைக்கும் கோரிக்கையின் சாரம்.